மினுமினுத்த கன்றுகள்

ஜனவரி 9

தம்பிக்கு,

அண்ணிதான் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும் இந்தக் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். நலமா என்று கேட்கப் போவதில்லை. பால் வண்டி டிரைவர் உன்னை அந்த ஊர் மாவு மில் வாசலில் பார்த்தாராம். "உங்க கொழுந்தன் கொஞ்சம் தொந்தி போட்டிருக்கார்" என்றார். தொந்தி போட்டவன் நலமாகத்தான் இருப்பான்.

போன் பண்ணலாமே என்று நினைப்பாய். பண்ணிப் பார்த்தேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். போனில் உன் குரல் அப்படியே உன் அண்ணன் குரல். நேரில் அவ்வளவாகத் தெரியாது. அவர் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் குரல் "ஹலோ" என்று சொன்னால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். அதனால் கடிதம்.

உன் ரெஞ்சுப் பெட்டி இங்கே பண்ணைத் தீவன மில் மூலையில் அப்படியே கிடக்கிறது. டிரைவரிடம் கொடுத்து அனுப்பவா?

நீ பயந்த மாதிரி இங்கே ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மில்லை இப்போது நானும் நெட்டையும்தான் ஓட்டுகிறோம். அதுதான், கன்றுக் கொட்டகையில் என்னோடு பால் ஊற்றுவாளே, கதவில் தலை இடிப்பவள். அவள் மூட்டையைத் தூக்கித் தொட்டியில் கொட்டுவாள், நான் சுவிட்சைப் போடுவேன். அவ்வளவுதான் வேலை. உருளைகளை நெருக்குகிற அந்தக் கைச்சக்கரத்தை யாரும் தொடுவதில்லை. அவர் போன அன்று காலை எங்கே வைத்தாரோ அங்கேயே இருக்கிறது. கிரீஸில் அவர் பெருவிரல் தடம்கூட அழியவில்லை. மில்லைக் கூட்டும்போது அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூட நான் கொண்டுபோவதில்லை.

மக்காச்சோளம் கொஞ்சம் தூளாகத்தான் விழுகிறது. அதை மறைக்கவில்லை. கன்றுகள் வாளியில் மூக்கை விட்டால் தும்மித் தள்ளும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கறவை மாடுகளுக்குக் கலக்கிற எண்ணெயில் கொஞ்சம் எடுத்துத் தீவனத்தோடு பிசைந்தேன். தூசு அடங்கிவிட்டது. அப்படியும் வாளியில் பாதி மிஞ்சியது. பச்சைக் குழந்தைகள், குளிர் வேறு, பசியோடு கிடக்கக் கூடாதே என்று கறவைகளுக்கு வாங்கி வைத்திருக்கிற கொழுப்புப் பொடியைப் பாலில் கரைத்தேன். கடகடவென்று குடித்தன.

இப்போது நீ வந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் பாலிஷ் போட்ட பூட்ஸ் மாதிரி மினுமினுக்கிறது. மேலாளர் போட்டோ எடுத்துப் பெரிதாக்கித் தன் அறையில் மாட்டியிருக்கிறார். "இந்தச் சக்கரத்தைத் திருப்பலன்னா கன்னுங்க கெட்டுரும் அண்ணி" என்று அன்று அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாயே. கெட்டதா?

அன்று நான் பேசியது மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பேசியதும் ஞாபகம் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

அண்ணி


ஜனவரி 20

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. பெட்டி வேண்டாம். இங்கே ரெஞ்சு அவர்களே கொடுக்கிறார்கள். தொந்தியும் இல்லை. உள்ளே இரண்டு சட்டை போட்டிருந்தேன்.

நான் பேசியதை எழுதிவிட்டீர்கள். நீங்கள் பேசியதை எழுதவில்லை. நான் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு ஒரு பக்கமாகவே நிற்கும். "உன் அண்ணன் செத்தது உனக்கு வசதியாப் போச்சு." மில் வாசலில், சாக்கு இறக்குகிறவர்களும் பால் வண்டிக்காரர்களும் பார்த்துக்கொண்டு நிற்க. என் கையில் ரெஞ்சு இருந்தது. சக்கரத்தை ஒரு சுற்றுத் திருப்ப வந்தவன், ரெஞ்சைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனேன். பெட்டி ஏன் அங்கேயே கிடக்கிறது என்றால் அதனால்தான்.

அவர் உங்களுக்குப் புருஷன். எனக்கு அண்ணன். அவர் போனதில் எனக்கு என்ன வசதி என்று இந்த ஊருக்கு வந்தும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

கன்றுகள் மினுமினுக்கின்றன என்றால் சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. தீவனம் தின்றுவிட்டுப் படுத்தபின் அவை அசை போடுகின்றனவா?

கொழுந்தன்


பிப்ரவரி 6

தம்பிக்கு,

அசை போடுகின்றனவா என்று கேட்டிருந்தாய். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இவன் என்ன பரீட்சை வைக்கிறானா என்று கடிதத்தை மடித்துப் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் போய்த் தடுப்புக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றின் வாயும் அசையவில்லை. எல்லாம் தலையைத் தூக்கி, பால் வருகிற வழியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தன. என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்தேன் தம்பி. அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு பால் மறக்கடிக்கிற வாரம் வந்தது. காலைப் பாலை நிறுத்தினோம். பிறகு மாலைப் பாலையும். இனி தீவனத்தில்தான் வயிறு நிறைய வேண்டும். வாளியைப் பார்த்தால் போட்டது போட்டபடி இருந்தது. கத்தின கத்தலில் கொட்டகை கூரை பறந்துவிடும் போல் இருந்தது. "ரெண்டு நாள் கத்தும், அப்புறம் தானா தின்னும் அக்கா" என்றாள் நெட்டை. கத்தல் நின்றது. தின்னத் தொடங்கியதால் அல்ல, கத்தத் தெம்பு இல்லாமல்.

முதலில் விழுந்தது சண்டைக்காரி. பிறந்த அன்றே என் வயிற்றில் முட்டித் தள்ளினவள். பசி பொறுக்காமல் ஒரு நாள் வாளி மாவை அள்ளி அள்ளித் தின்றாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. மறுநாள் இடப்பக்கம் வயிறு உப்பி, காலை நீட்டிவிட்டாள். மறுபடி எழுந்திருக்கவே இல்லை. அடுத்தது பக்கத்துத் தடுப்புக் கன்று. அது தின்னாமலே ஒட்டிப்போய்ச் செத்தது.

டாக்டரம்மா வந்தார். அந்த இரண்டாவதை வெளியே போட்டு அறுத்தார். நான் திரும்பி நின்றேன்.

"என்னம்மா கொடுத்தீங்க இதுக்கு?"

"பால்தான். பால்ல கொஞ்சம் கொழுப்புப் பொடி. தீவனத்துல கொஞ்சம் எண்ணெய்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பசிக்குமேன்னுதான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இங்க வாங்க, தொட்டுப் பாருங்க" என்றார். நாலு வயிற்றில் பெரிய வயிறு என்கிறார்களே, அதை விரித்து வைத்திருந்தார். உள்ளே வழவழவென்று, வெளுத்துப்போய், நைந்த துணி மாதிரி இருந்தது. "இது சொரசொரன்னு இருக்கணும்மா, கம்பளம் மாதிரி. பால் இந்த வயித்துக்கு வராது. நேரா கடைசி வயித்துக்குப் போயிடும். இதுல தானியம் விழுந்து புளிச்சாத்தான் உள்ளே சுணை முளைக்கும். கொழுப்பு கொடுத்தீங்க, பசி அடங்கிடுச்சு, தீவனம் வேண்டாம்னு விட்டுருச்சு. தோல் மினுக்கும். வயிறு பிறந்த அன்னிக்கு இருந்த மாதிரியேதான் இருக்கும்."

"குளிருக்கு ஆகும்னு நினைச்சேன் டாக்டரம்மா."

"ஆகும். பால்ல அளவா சேர்த்தா நல்லதுதான், யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க பால்லயும் போட்டு, தீவனத்து மேலயும் ஊத்தி, அந்தத் தீவனத்தையும் மாவா அரைச்சிருக்கீங்க. மாவு வாயில அப்பிக்கும். பசியில அள்ளித் தின்னா வயித்துல களியா நின்னு உப்பிடும். முதல்ல செத்ததுக்கு அதுதான் ஆகியிருக்கும். சோளம் உடையணும், மாவாகக் கூடாது."

கையைக் கழுவி முடித்தும் அந்த வழவழப்பு விரலிலேயே இருந்தது. சாப்பாட்டைப் பிசையும்போதும் இருந்தது.

எண்ணெயையும் பொடியையும் நிறுத்தியாயிற்று. விழாமல் நிற்கிறவற்றுக்கு மறுபடி கொஞ்சம் பால் ஊற்றுகிறோம். சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினால் உருளைகள் விலகும்? அதை மட்டும் எழுதி அனுப்பு.

இன்னொன்றும் உண்டு. மேலாளர் அறையில் நடந்தது. எழுத வந்தால் கை நின்றுவிடுகிறது. அடுத்ததில் எழுதுகிறேன்.

அண்ணி


பிப்ரவரி 14

அண்ணிக்கு,

நீங்கள் எழுதச் சிரமப்பட வேண்டாம். அது உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

உங்கள் மேலாளரும் எங்கள் முதலாளியும் ஒரே வியாபாரியிடம் தானியம் வாங்குகிறவர்களாம். போனில் பேசியிருக்கிறார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேசினார், அதனால் எல்லாருக்கும் கேட்டது. "கோபத்துல மெஷின திருப்பி வச்சிட்டு வந்துட்டியாமே? வாயில்லா ஜீவன் செத்துக்கிடக்காம். கன்னுக்குட்டிய கொன்ன கையில மனுஷன் தின்ற மாவ எப்படிய்யா கொடுக்கறது?"

நான் சிரித்தேன். பொய் என்று எனக்குத் தெரியும், அதனால் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அவருக்கு இன்னும் கோபம். இந்த மாதம் வேலையை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். இப்போது மெஷின் பக்கம் வராதே, மூட்டை தூக்கு என்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். அதை உங்களுக்கு எழுத மாட்டேன்.

திருப்ப வந்தவனைத் திருப்ப விடவில்லை. திருப்பாமல் போனவன்மேல் திருப்பினான் என்று பழி. நன்றாக இருக்கிறது அண்ணி.

கன்றுகள் என்ன செய்தன, பாவம். எழுதுகிறேன். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு நட்டு இருக்கும். என் பெட்டியிலேயே பெரிய ரெஞ்சு இருக்கிறது, அதால் தளர்த்துங்கள். பிறகு சக்கரத்தை உங்கள் பக்கமாகத் திருப்புங்கள். ஒரேயடியாக வேண்டாம். கொஞ்சம் திருப்பி, நட்டை இறுக்கி, ஒரு படி சோளம் ஓட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் அள்ளி ஊதினால் தூசு பறக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு மணியும் சில துண்டாக உடைந்திருந்தால் போதும். சோளம் மிகக் காய்ந்திருந்தால் முந்தின நாளே தண்ணீர் தெளித்துச் சாக்குப் போட்டு மூடுங்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

கொழுந்தன்


பிப்ரவரி 19

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் போட்டோ அவர் தலைக்கு மேலே. அதில் சண்டைக்காரி முன்னால் நிற்கிறாள், தோல் கண்ணாடி மாதிரி. "மில்ல கடைசியா யாரும்மா செட் பண்ணது?" என்று கேட்டார். டாக்டரம்மாவும் இருந்தார். என் வீட்டுக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் பேரைச் சொன்னால், கன்றுகளைக் கொன்றது அவர் வைத்த சக்கரம் என்று ஆகிவிடும். இந்தப் பண்ணையில் இனி அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அதுதான் வரும். வந்து மறுக்க அவர் இல்லை. "என் கொழுந்தன். கோபத்துல திருப்பிட்டுப் போயிட்டார்" என்றேன்.

"அப்பவே நினைச்சேன்" என்றார் மேலாளர். அவ்வளவுதான். ஒரு குறுக்குக் கேள்விகூடக் கிடையாது. இவ்வளவு சுலபமாக ஒரு ஆள் பேரைக் கெடுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. செத்தவர் பேரைக் காப்பாற்ற, உயிரோடு இருக்கிற உன் பேரை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீ எங்கேயோ தூரத்தில் இருக்கிறாய், உனக்கு வந்து சேராது என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ எழுதினபடி ரெஞ்சை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். நட்டைத் தளர்த்தினேன். சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை. அந்தப் பெருவிரல் தடத்துக்குப் பக்கத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையது சின்னதாக இருந்தது. மறுபடி நட்டை இறுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

திருப்புவதற்குப் பதில் என்ன செய்கிறேன் தெரியுமா? சலிக்கிறேன். மில்லில் விழுகிறதை எல்லாம் சல்லடையில் போட்டு, மாவைக் கீழே தள்ளி, மேலே நிற்கிற நொறுக்கை மட்டும் கன்றுகளுக்குப் போடுகிறேன். மூட்டைக்கு ஒரு முறம்கூடத் தேறவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருக்கிறது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, மெஷின் எதுக்கு இருக்கு?" என்றார். நான் சல்லடையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் போன பிறகு நெட்டை சொன்னாள்: "அக்கா, செத்தவர் விரலுக்கு இருக்கற மரியாதை உயிரோட இருக்கற கன்னுக்கு இல்ல." அவளிடம் சண்டை போட்டேன். அவள் சண்டை போடவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று இன்னொன்று போய்விட்டது. என் சல்லடை போதவில்லை.

மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. வேலை போனால் இந்தக் குடியிருப்பு அறையும் போகும். உன் அண்ணன் கொக்கியில் மாட்டின சட்டை இன்னும் அதிலேயே இருக்கிறது. சொல்லாததற்கு இது ஒரு காரணமா? எழுதிப் பார்த்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மூட்டை தூக்கினேன். வேர்வையில் பாதி எழுத்து ஊறிவிட்டது. பரவாயில்லை, அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

அந்தச் சக்கரத்தை அண்ணன் ஒரு இடத்தில் விட்டு வைத்ததே கிடையாது. நீங்கள் கொட்டகையில் இருப்பீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். லாரி வந்து நின்றால் சாக்கைக் குத்தி ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடிப்பார். கடிபடுகிற விதத்தைப் பார்த்துத் திருப்புவார். ஈரச் சோளம் என்றால் நெருக்குவார், காய்ந்தது என்றால் விலக்குவார். மழை பெய்தால் மறுபடி திருப்புவார். "சும்மா இருக்க மாட்டியா, சக்கரம் தேஞ்சிடும்" என்று நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அன்று காலை வைத்த இடம் அன்றைய ஈரச் சோளத்துக்குச் சரி. அவர் வைத்ததில் தப்பே இல்லை. அவர் இருந்திருந்தால், புது லோடு வந்து இறங்கியதுமே திருப்பியிருப்பார். நீங்கள் காப்பாற்றிக்கொண்டு இருப்பது அவர் ஒரு காலை வைத்தது. அவர் வழக்கம் அது இல்லை அண்ணி. அவர் வழக்கம் திருப்புவது.

இரண்டாவது என் விஷயம். அந்தப் புது லோடு வந்தபோது நானும் கடித்துப் பார்த்தேன். கல் மாதிரி காய்ந்திருந்தது. நீங்கள் என்னைப் பேசின பிறகு, பஸ்ஸுக்குப் போகிற வழியில் மேலாளர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போய் "சோளம் மாறியிருக்கு, இப்படியே அரைச்சா மாவாயிடும்" என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. படட்டும், அப்போதுதான் தெரியும் என்று நினைத்து நடந்துவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. உங்கள் முதல் கடிதத்தில் எண்ணெய், பொடி, மினுமினுப்பு என்று படித்ததுமே என்ன நடக்கப் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எண்ணெயை நிறுத்துங்கள், பாலை மறக்கடிக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதாமல் விடுகதை போட்டேன். நீங்கள் முழிக்க வேண்டும் என்று ஆசை. சண்டைக்காரி அப்போது உயிரோடு இருந்தாள். எனக்கு அது கணக்கில் வரவில்லை.

அதனால் மேலாளரிடம் போக வேண்டாம். பழி என்மேலேயே இருக்கட்டும். நீங்கள் சொன்னது பொய்தான், ஆனால் முழுப் பொய் இல்லை. உங்களுக்கு அந்த வேலையும் அறையும் வேண்டும். மூட்டை எந்த ஊரிலும் இருக்கிறது, நான் தூக்கிக்கொள்வேன்.

சக்கரத்தை மட்டும் திருப்பிவிடுங்கள்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

போக வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். போய்விட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்னால் போயிருந்தேன் என்றால் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்திருக்கும். அப்படி இல்லை. வந்து, படித்து, அதன் பிறகு இரண்டு நாள் கழித்துத்தான் கால் வந்தது.

முதலில் சக்கரம். நெட்டை கூட நின்றாள். "நான் திருப்பட்டுமாக்கா?" என்றாள். வேண்டாம் என்றேன். பழைய துணியால் கிரீஸைத் துடைத்தேன், வழுக்குமே என்று. துணியில் அது வெறும் கறுப்பாகத்தான் இருந்தது. திருப்பினேன். நல்ல இறுக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். சோளம் ஓட்டி, உள்ளங்கையில் அள்ளி ஊதினேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மூன்றாவது தடவைக்கு மணி மணியாக உடைந்து விழுந்தது. மில் சத்தம் மாறிவிட்டது தம்பி. இத்தனை நாளும் கொட்டகையில் நின்று கேட்டால், உள்ளே அவர் நின்று ஓட்டுகிற மாதிரியே இருக்கும். இப்போது மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வருகிறது. சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதேன். நெட்டை பக்கத்தில் உட்கார்ந்து, "அழுங்க, ஆனா தொட்டி காலியாயிடுச்சு" என்றாள். எழுந்து கொட்டினேன்.

அந்த அழுக்குக் கையோடேதான் மேலாளரிடம் போனேன். கழுவினால் மனசு மாறிவிடும் என்று பயம்.

"கொழுந்தன் சக்கரத்தைத் தொடவே இல்ல. தொட வந்தவர நான்தான் விரட்டினேன். எண்ணெய் ஊத்தினது நான். பொடி போட்டது நான்."

"அப்ப அன்னிக்கு சொன்னது?"

"பொய்."

"ஏம்மா?"

"என் வீட்டுக்காரர எல்லாரும் திட்டுவாங்கன்னு."

அவர் என்னையே பார்த்தார். "யாரும் திட்டியிருக்க மாட்டாங்களேம்மா" என்றார். யாரும் திட்டப் போகாத ஒன்றுக்காக உன்னைத் திட்டு வாங்க வைத்திருக்கிறேன்.

என் கண் முன்னாலேயே உன் முதலாளிக்குப் போன் போடச் சொன்னேன். நகராமல் நின்றதால் போட்டார். எல்லாம் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து "சரி, சரி" என்பதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. உன்னை மெஷினுக்கு விட்டார்களா, அந்தப் பட்டப்பேர் போயிற்றா என்று எனக்குத் தெரியவில்லை. பட்டப்பேர் போகாது என்றுதான் நினைக்கிறேன்.

வேலை போகவில்லை. கொட்டகை போய்விட்டது. கன்றுகள் இனி நெட்டை பொறுப்பு. நான் பால் கேன் கழுவுகிற இடத்தில் இருக்கிறேன். அறை இருக்கிறது. இங்கே மில் வேலைக்கு ஆள் இல்லை, நீ வந்தால் எடுத்துக்கொள்வதாக மேலாளர் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். வா என்று நான் கூப்பிட மாட்டேன். அதைக் கேட்கிற வாய் இது இல்லை.

உன் பங்கு என்று நீ எழுதியதைப் படித்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வரி எழுதியிருந்தால் கன்றுகள் பிழைத்திருக்கும், நிஜம்தான். அது உன்னிடம் இருக்கட்டும். ஆனால் தினம் இரண்டு வேளை அவற்றின் முன்னால் நின்றது நான். வாளி காலியாகவில்லை என்று கண்ணால் பார்த்தவள் நான். தோலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மன்னிப்பு கேட்டு இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு. இவ்வளவு சீக்கிரம் வேண்டாம்.

கேன் கழுவுகிற இடத்திலிருந்து கொட்டகைக்குக் கொஞ்ச தூரம்தான். மத்தியானம் ஒரு நடை போய்ப் பார்ப்பேன். பிழைத்தவை இப்போது அழகாக இல்லை. முடி சிலிர்த்து, தோல் மங்கி, வாயெல்லாம் சோளத் தூளும் எச்சிலும். வயிறு மட்டும் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நிற்கிறது. முன்பெல்லாம் என் காலடி கேட்டாலே எழுந்து நின்று கத்தும். நேற்றுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாளியிலிருந்து தலையை எடுக்காமல் தின்றுகொண்டிருந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா.

அண்ணி